ஏலியாஸுக்குள் && போடும்போது

நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல் ஷெல்; அதில் ஒரு வகை பாஷ். அது தொடங்கும்போது படிக்கும் என் .பாஷ்ஆர்சி கோப்பில் ஏலியாஸ்களுக்கு, அதாவது நீண்ட கட்டளைகளுக்கு வைத்த குறும்பெயர்களுக்கு, பஞ்சமே இல்லை. && போட்டு, முதல் கட்டளை சரியாக முடிந்தால் மட்டும் அடுத்ததை ஓட்டுகிறவைதான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. "சிடி பில்ட் ; ஆர்எம் -ஆர்எஃப் *" என்று எங்கேயாவது பார்த்தால் மனசு பதறும். பில்ட் என்ற ஃபோல்டர் இல்லாவிட்டால் அதற்குள் போகச் சொல்லும் சிடி தோற்கும். ஆனால் அரைப்புள்ளி அதையெல்லாம் பார்க்காது. நாம் நிற்கிற ஃபோல்டரையே ஆர்எம் துடைத்துவிடும். நடுவில் && இருந்தால் சிடி தோற்ற இடத்திலேயே எல்லாம் நின்றுவிடும்.

வெற்றியா தோல்வியா என்பதை ஷெல் எக்ஸிட் ஸ்டேட்டஸை (கட்டளை முடியும்போது தரும் எண்ணை) வைத்துத்தான் முடிவு செய்கிறது. 0 என்றால் வெற்றி, வேறு எந்த எண் வந்தாலும் தோல்வி. கோப்புக்குள் சொல் தேடும் கிரெப்பை இப்படிக் கோக்கும்போது கவனம் தேவை: தேடிய சொல் கிடைக்காவிட்டால் 1, கோப்பைத் திறக்கவே முடியாவிட்டால் 2. இரண்டுமே && பார்வையில் தோல்விதான்.

அப்புறம் || (முன்னது தோற்றால் மட்டும் அடுத்ததை ஓட்டு) சேர்க்க ஆசை வரும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டெஸ்ட்களை ஓட்டி, பாஸானால் கோடை கிட் மூலம் சர்வருக்கு அனுப்ப (புஷ்), இல்லாவிட்டால் எக்கோவால் திரையில் செய்தி காட்ட இப்படி ஒரு ஏலியாஸ் இருக்கிறது என்று வையுங்கள்:

மேக் டெஸ்ட் && கிட் புஷ் || எக்கோ "டெஸ்ட் தோல்வி"

படிக்கும்போது இஃப்-எல்ஸ் போலவே இருக்கும். ஆனால் ஷெல்லில் && , || இரண்டுக்கும் ஒரே முன்னுரிமை; இடமிருந்து வலமாகப் போகும். டெஸ்ட் எல்லாம் பாஸாகி, நெட்வொர்க் இல்லாததால் புஷ் மட்டும் தோற்றாலும் "டெஸ்ட் தோல்வி" என்றுதான் திரையில் வரும். நன்றாக இருக்கிற கோடில் இல்லாத பிழையைத் தேடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதைவிட மோசம், இந்த வரி முடிவில் 0 தரும்; ஏனென்றால் கடைசியில் ஓடிய எக்கோ ஜெயித்துவிட்டது.

இதே ஏலியாஸுக்குப் பின்னால் "ஆரிஜின் மெயின்" என்று (எங்கே, எந்தக் கிளைக்குப் புஷ் செய்வது என்று) தட்டிப் பாருங்கள். ஏலியாஸ் வெறும் எழுத்து மாற்றம்தான், நாம் கூடுதலாகத் தட்டுவது வரியின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் புஷ்ஷுக்கு எதுவுமே போகாது. டெஸ்ட் தோற்றால் "டெஸ்ட் தோல்வி ஆரிஜின் மெயின்" என்று எக்கோ சொல்லும்!

ஏலியாஸை இரட்டை மேற்கோளில் எழுதினால் இன்னொரு வம்பு. உள்ளே இருக்கும் $பிடபிள்யூடி (நாம் நிற்கிற ஃபோல்டரின் பாதை), .பாஷ்ஆர்சி படிக்கப்படும் நேரத்திலேயே விரிந்து உறைந்துவிடும். ஒற்றை மேற்கோள் போட்டால் ஓட்டும்போது விரியும்.

என் வழக்கம் இதுதான்: && மட்டும் போதும், கூடுதலாகத் தட்டும் ஆர்க்யுமென்ட் கடைசிக் கட்டளைக்குத்தான் என்றால் ஏலியாஸ். "இல்லாவிட்டால்" என்ற சொல் மனதில் வந்த உடனேயே ஃபங்ஷன், அதாவது பெயர் வைத்த கட்டளைத் தொகுப்பு. உள்ளே முறையான இஃப், தென், எல்ஸ், ஃபி. புஷ்ஷுக்குப் பக்கத்தில் "$@"; கூடுதலாகத் தட்டியதெல்லாம் அங்கே போய்ச் சேரும். பாஷ் கையேடே பெரும்பாலான வேலைகளுக்கு ஃபங்ஷனைத்தான் சிபாரிசு செய்கிறது.

மாற்றும்போது பழைய ஏலியாஸின் பெயரையே ஃபங்ஷனுக்கும் வைப்பதானால், முதலில் அனலியாஸ் கொடுத்து அந்த ஏலியாஸை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஃபங்ஷனின் பெயரே ஏலியாஸாக விரிந்து, பாஷ் சின்டாக்ஸ் எரர் காட்டும்.