இரவல் கதிரைகள்

எங்கள் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் வீட்டுத் தளபாடங்கள் என்றொரு அட்டவணை இருந்தது. கட்டில், மேசை, கதிரை, அலுமாரி, வானொலி, துவிச்சக்கரவண்டி எனப் பொருட்களின் பெயர்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். எதிரே எண்ணிக்கையை மட்டும் எழுத வேண்டும். 2011ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள், மீள்குடியேறிய குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி வழங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தராக, இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடைப்பட்ட கிராமங்களில் அந்தப் படிவத்தோடு அலைந்தேன். போர் முடிந்து முகாம்களிலிருந்து திரும்பிய சனங்கள் தறப்பாளுக்குக் கீழும் தகரக் கொட்டில்களிலும் இருந்த காலம் அது. ஆனாலும், எந்த வளவுக்குள் போனாலும் என்னை இருத்துவதற்கு ஒரு பிளாஸ்ரிக் கதிரை ஆயத்தமாக இருந்தது. நானும் அதில் வசதியாக அமர்ந்து, கதிரை என்ற சொல்லுக்கு எதிரே ஒன்று என்று எழுதிக்கொண்டேன்.

ஒருநாள் மூன்றாவது வீட்டில் அமரும்போதுதான் கவனித்தேன். எனக்குத் தரப்பட்ட சிவப்புக் கதிரையின் பின்கால் ஒன்றில் உடைவுக்குக் கம்பி சுற்றியிருந்தது. அதே கம்பி சுற்றிய காலை முதல் வீட்டிலும் கண்டிருந்தேன். நான் ஒரு வீட்டில் விடைபெற்று, மோட்டார் சைக்கிளை ஒழுங்கையால் தள்ளிக்கொண்டு அடுத்த படலைக்கு வருவதற்குள், அந்தக் கதிரை வேலிப்பொட்டுக்குள்ளால் எனக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டிருக்கிறது. படிவத்தில் அது மூன்று கதிரைகள் ஆகியிருந்தது. புள்ளிக் கணக்கின் விதி எளிமையானது: பொருட்கள் கூடினால் வறுமை குறையும், வறுமை குறைந்தால் பெயர் பட்டியலில் கீழே இறங்கும். என்னை மண்ணில் இருத்தக் கூடாது என்பதற்காக அந்த வீட்டுக்காரர்கள் தங்களுக்கு எதிராகவே சாட்சியம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 'வந்தாரை வாழவைக்கும் வன்னி' என்று மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமைக்கு உண்மையில் யார் செலவழிக்கிறார்கள் என்பதை அந்தக் கம்பி சுற்றிய கால்தான் எனக்குக் காட்டித்தந்தது.

திரைப்படங்கள் எங்கள் வேலைக்குள் வந்தது தற்செயலாகத்தான். விழிப்புணர்வு என்ற தலைப்பில் ஒதுக்கப்பட்டிருந்த பணத்தில் ஒரு புறொஜெக்ரரும் சிறிய ஜெனரேற்றரும் வாங்கப்பட்டிருந்தன. மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கிராமத்தின் பொதுநோக்கு மண்டபத்தில் வெள்ளைச் சீலையைக் கட்டிப் படம் காட்டுவோம். முதலில் அலுவலகம் தந்த குறும்படங்களைக் காட்டினோம். அவற்றில் தகப்பன் குடிப்பான், தாய் அழுவாள், கடைசியில் சேமிப்புப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்ததும் குடும்பம் திருந்திவிடும். சனங்கள் மரியாதைக்காகப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களுக்கும், ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஊற்றி இரவிரவாக வீடியோவில் படம் பார்த்தவர்களுக்கும், எது கதை, எது புத்திமதி என்று பிரித்தறிய யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அதனால் நான் என் சேகரிப்பில் இருந்த படங்களைக் கொண்டுபோகத் தொடங்கினேன். தமிழில் உபதலைப்பு இல்லாதபடியால் ஒலிவாங்கியைப் பிடித்து நானே கதை சொல்ல வேண்டியிருந்தது. ஒருமுறை முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் பேசாமல் இருங்கோ, எங்களுக்கு விளங்குது" என்றார். அதன்பின் குறைத்துக்கொண்டேன்.

ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சொர்க்கத்தின் குழந்தைகள்' (1997) படத்தைத்தான் முதலில் காட்டினேன். தைத்து எடுத்துவந்த தங்கையின் சப்பாத்தைத் தமையன் தொலைத்துவிடுகிறான். வீட்டு வாடகை நிலுவையில் இருக்கிறது, தாய் நோயாளி, ஆகவே தகப்பனிடம் சொல்ல முடியாது. ஒரே சோடிச் சப்பாத்தை இருவரும் மாறி மாறி அணிந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். படத்தில் ஒரு சிறிய காட்சி உண்டு. தகப்பன் பள்ளிவாசலுக்கான சீனிக் கட்டிகளைக் குவித்து வைத்து உடைத்துக்கொண்டிருப்பார். மகள் தேநீர் கொண்டுவந்து கொடுப்பாள். தேநீருக்குச் சீனி வேண்டும் என்பார். இவ்வளவு சீனி முன்னாலேயே இருக்கிறதே என்பாள் மகள். அது பள்ளிவாசலின் சீனி, நம்மை நம்பித் தந்தது என்பார் தகப்பன். அந்த இடத்தில் மண்டபம் அசையாமல் இருந்தது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்துப் பழகிய ஊர் அது. ஒரு கரண்டிச் சீனியின் பெறுமதியை அவர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. கோயில் தர்மகர்த்தா சபையில் முன்னொரு காலத்தில் கணக்குப் பார்த்த முதியவர் ஒருவர், படம் முடிந்த பிறகும் அந்தச் சீனியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பஞ்சத்தில் ஒருவன் எடுக்காமல் விடுவதைக் காட்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குப் பட்டது. நாம் பார்த்து வளர்ந்த படங்களில் ஏழை ஒன்றில் தெய்வம், அல்லது இருபது பேரை அடித்து வீழ்த்துபவன். தேத்தண்ணிக்குச் சீனி கேட்கும் ஏழையை அதிகம் கண்டதில்லை.

அதே படத்தில், தொலைந்த சப்பாத்து இன்னொரு சிறுமியின் கால்களில் இருப்பதைத் தங்கை கண்டுபிடிப்பாள். தமையனும் தங்கையும் அவளுடைய வீடுவரை பின்தொடர்ந்து போய் ஒளிந்து நின்று பார்ப்பார்கள். அந்தச் சிறுமியின் தகப்பன் கண்பார்வையற்றவர். இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி நடப்பார்கள். பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்புவது என்ற அந்தச் செயலை எங்கள் வேலையில் யாரும் எங்களுக்குப் பயிற்றுவிக்கவில்லை. நாங்கள் பார்த்ததை எழுத வேண்டும். எழுதியதற்குச் சான்றாகப் படம் பிடிக்க வேண்டும்.

கடன் பற்றிய பயிற்சிப் பட்டறைகளில் வீண் செலவு என்ற சொல்லை நானும் பலமுறை சொல்லியிருக்கிறேன். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குக் கடன் வாங்கியவர்களை நோக்கித்தான் அந்தச் சொல் பெரும்பாலும் வீசப்படும். கென் லோச் இயக்கிய 'கல்மழை' என்று பொருள்படும் 1993ஆம் ஆண்டுப் படத்தை ஓர் இரவு லப்ரொப்பில் தனியே பார்த்த பிறகு, அந்தச் சொல் எனக்கு வாயில் வர மறுத்தது. வேலையிழந்த ஓர் ஆங்கிலேயத் தகப்பன், மகளின் முதல் நற்கருணை என்ற கத்தோலிக்கச் சடங்குக்குப் புதுச் சட்டைதான் வாங்குவேன் என்று பிடிவாதமாக நிற்கிறான்; இரவல் சட்டையோ பழைய சட்டையோ போதும் என்று எவர் சொல்லியும் கேட்பதில்லை; கடைசியில் கடன்காரனின் கையில் அகப்படுகிறான். அவன் முட்டாள் என்று படம் சொல்வதில்லை. வரிசையில் நிற்கும் பிள்ளைகளுள் தன் பிள்ளை மட்டும் வேறாகத் தெரியக் கூடாது என்ற எண்ணம், அரிசிக்கும் பருப்புக்கும் பக்கத்தில் வைத்துக் கணக்கிடவேண்டிய செலவுதான் என்று நினைக்கிறேன். பின்னாளில் வன்னியெங்கும் நுண்கடன் ஒரு நோயாகப் பரவி, கிழமைதோறும் கடன் சேர்க்க வருபவர்கள் முற்றத்தில் பொழுதுபடும்வரை குந்தியிருந்தபோது, பெண்கள் மிகவும் அஞ்சியது வட்டிக்கு அல்ல, அவர்கள் முற்றத்தில் இருப்பதை அயல் பார்க்கிறதே என்பதற்குத்தான். வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தபோது கடன் சற்றுக் குறைந்திருக்கலாம். அந்தப் பின்னேரங்கள் குறையவில்லை.

இனி நான் சொல்லத் தயங்கும் விடயத்துக்கு வருகிறேன். 2012இல் ஒரு கிராமத்தில் துவிச்சக்கரவண்டிகள் வழங்கினோம். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சைக்கிள்களைக் கைவிட்டு வந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். விறகு, தண்ணீர், நோயாளி, பிள்ளை எல்லாவற்றையும் அதில் ஏற்றித்தான் அவர்கள் இடத்துக்கு இடம் நகர்ந்திருந்தார்கள். பயனாளிகளுள் ஒருவர் மேசன். வேலை கிடைக்கும் நாட்களில் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் நடந்து போய்வந்துகொண்டிருந்தவர். அன்று அவர் வெள்ளைச் சேட்டும் கரை வேட்டியும் உடுத்து, தலைமுடியைப் படிய வாரி, ஏழெட்டு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பதாகைக்கு முன்னால் சைக்கிளோடு நிறுத்திப் படம் எடுத்தேன். நல்ல படம், தலை நிமிர்ந்திருந்தது. அதைப் பார்த்த என் மேலதிகாரி, இது கல்யாண வீட்டுப் படம்போல இருக்கிறது, உதவி பெறுகிறவரைப்போல இல்லை என்றார். வேலை உடுப்போடு இன்னொன்று எடுக்கச் சொன்னார். நான் அதை அந்த மனிதரிடம் போய்ச் சொன்னேன். நான்தான் சொன்னேன். "அண்ணை, வேலைக்குப் போற உடுப்போட ஒருக்கா நிப்பீங்களோ?" அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், சீமெந்துக் கறை படிந்த கட்டைக் காற்சட்டையும் கிழிந்த பெனியனும் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மகன் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த ஆண்டு, வித்தோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' (1948) படத்தை அந்தக் கிராமத்தில் காட்டினேன். அந்தப் படத்துக்குப் பணம் போட முன்வந்த ஹொலிவூட் தயாரிப்பாளர் ஒருவர் கேரி கிராண்ட் என்ற பெரிய நட்சத்திரத்தை நாயகனாக்கச் சொன்னதும், டி சிக்கா அதை மறுத்துத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரையே நடிக்க வைத்ததும் பலர் எழுதிய செய்திகள். அவர் உண்மையான தொழிலாளியைத் தேடிப் போனார். எங்களிடமோ உண்மையான தொழிலாளியே வந்து நின்றார், அவரை நாங்கள் ஏழையாக நடிக்கச் சொன்னோம்.

படத்தில் நாயகனுக்குக் கிடைத்த சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டும். சைக்கிளோ ஈட்டில் இருக்கிறது. அதை மீட்க மனைவி கட்டிலின் விரிப்புகளைக் கழற்றிக்கொண்டுபோய் ஈடு வைக்கிறாள். ஈட்டுக்கடைக்காரன் அந்த மூட்டையைச் சுமந்து, கூரை வரை அடுக்கியிருக்கும் விரிப்பு மூட்டைகளின்மேல் ஏறி வைப்பதைக் கண்டபோது பெண்கள் பகுதியிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. தாலிக்கொடியை ஈடு வைத்தவர்கள் அங்கே நிறையப்பேர். வேலைக்குப் போன முதல் நாளே சைக்கிள் திருட்டுப் போனபோது, "பூட்டாமல் விட்டது பிழை" என்று ஒருவர் உரத்துச் சொல்ல, சிரிப்பெழுந்தது. அந்தச் சிரிப்பு படம் முழுவதும் நீடிக்கவில்லை. தேடிக் களைத்த தகப்பன் கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருட முயன்று அகப்படுகிறான். கூட்டம் அவனைப் பிடித்துத் தள்ளுகிறது, கன்னத்தில் அறைகிறது. விழுந்த தொப்பியை மகன் எடுத்துத் தூசி தட்டுகிறான். நான் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த மேசன் மண்டபத்தின் பின்சுவரோடு மகனுடன் நின்று பார்த்திருந்தார். வெளிச்சம் போட்டதும் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். "அந்தச் சைக்கிள் சொந்தக்காரன் நல்ல மனுசன், தம்பி" என்றார். "பொடியனைக் கண்டிட்டுத்தான் விட்டவன்." உண்மைதான். முறைப்பாடு வேண்டாம் என்று சொந்தக்காரர் சொல்வதற்கு முன் அவருடைய கண் ஒருகணம் சிறுவன்மேல் போய்த் திரும்பும். பல தடவைகள் பார்த்திருந்தும் நான் அந்தப் பார்வையைக் கவனித்திருக்கவில்லை. அவர் என்னைக் குத்திக்காட்டத்தான் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. படத்தைப் பற்றித்தான் சொன்னார். பிள்ளையைச் சைக்கிளின் முன்பாரில் இருத்திக்கொண்டு போனார்.

நிறுவனம் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டு போனது. எனக்கு ஓர் அரச அலுவலகத்தில் வேலை கிடைத்தது. படிவங்கள் மாறின. 2023இல், வறிய குடும்பங்களுக்கு அரசு வழங்கிவந்த சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும என்ற புதிய கொடுப்பனவு வந்தபோது, கல்வி, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு ஆகிய ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு குடும்பங்கள் அளக்கப்பட்டன. அப்போது மாதம் 2,500 ரூபாய் முதல் 15,000 ரூபாய் வரை நான்கு படிகள் இருந்தன. எந்த அரசாங்கமும் ஏதோவொரு வகையில் அளக்கத்தான் வேண்டும் என்பதை மறுப்பவன் அல்லன் நான். அளக்கும்போது மனிதனின் முகத்துக்கு என்ன நடக்கிறது என்பதற்குத்தான் கென் லோச் 2016இல் 'நான், டானியல் பிளேக்' படத்தை எடுத்தார் என்று நினைக்கிறேன். அதில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருத்தி, பல நாட்கள் தான் உண்ணாமல் பிள்ளைகளுக்குக் கொடுத்தவள், இலவச உணவு வழங்கும் இடத்தில் பசி தாங்காமல் தகரத்தைத் திறந்து கையால் அள்ளித் தின்றுவிடுவாள். உடனே வெட்கத்தில் உடைந்து அழுவாள். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் அவளைக் கடிந்துகொள்வதில்லை. நல்லவர்கள் பார்த்ததுதான் அவளால் தாங்க முடியாதது.

அந்த ஆண்டு ஆடியில், மேன்முறையீட்டு விண்ணப்பங்களை ஏற்றுக்கொண்ட நாளொன்றில், வெயில் வரிசையில் அந்த மேசன் நின்றார். தலை நரைத்திருந்தது. வெள்ளைச் சேட் போட்டிருந்தார். தன் முறை வந்ததும் கடதாசிகளை நீட்டினார். நான் சரிபார்த்துக் கையொப்பம் வாங்கினேன். மகன் கொழும்பில் வேலை செய்கிறான் என்றார். போகத் திரும்பியவர் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, சைக்கிள் தந்தண்டைக்கு முதல் ஒரு படம் எடுத்தனீங்கள். நல்ல உடுப்போட. அது இருக்கோ? மோன் கேட்டவன்."

தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். இரண்டாவது படத்தை எடுப்பதற்குக் கமராவில் இடம் போதாமல், அதை அந்த முற்றத்தில் நின்றபடியே அழித்தவன் நான்.