மூச்சு முட்ட வைக்கிற வேலை

பேனிக் அட்டாக், அதாவது திடீரென்று தாக்கும் பீதி என்று என் அறைக்கு வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. துணிக்கடைப் பையில் ஒரு கட்டு ரிப்போர்ட் இருக்கும். இசிஜி, எக்கோ, டிரெட்மில், தைராய்டு, சிலரிடம் தலை ஸ்கேன்கூட. எல்லாமே நார்மல். ஒவ்வொரு நார்மலும் கொஞ்ச நாள் நிம்மதி தரும். பிறகு ஒருநாள் பஸ்ஸில் நெஞ்சு படபடத்தால், 'அன்னைக்கு இசிஜியில விட்டுப்போயிருக்குமோ' என்று மனம் கிளம்பிவிடும். பரிசோதனை செய்ததில் தவறில்லை. இதயம், தைராய்டு, ஆஸ்துமா, வலிப்பு என்று மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அனுப்பிய பிறகுதான் உளவியலாளரான என் வேலை தொடங்குகிறது. பயத்தைப் போக்கத்தான் வந்திருக்கிறார்கள். நான் முதலில் அதை வரவழைக்கச் சொல்வேன்.

இந்த முறைக்குப் பின்னால் நீண்ட ஆராய்ச்சி இருக்கிறது. பீதி எப்படி உருவாகிறது என்பதற்கு பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் ஒரு விளக்கம் தந்தார். மாடி ஏறினாலோ, வெயிலில் நின்றாலோ, காபி குடித்தாலோ யாருக்கும் நெஞ்சு வேகமாக அடிக்கும். அதை 'ஹார்ட் அட்டாக்' என்று மனம் எடுத்துக்கொண்டால் பயம் வரும். பயம் வந்தால் நெஞ்சு இன்னும் வேகமாக அடிக்கும். அதுவே ஹார்ட் அட்டாக்குக்குச் சாட்சியாகிவிடும். சில நிமிடங்களில் சுற்று முழுவேகம் எடுத்துவிடும். அவரோடு பணியாற்றிய பால் சால்கோவ்ஸ்கிஸ் இன்னொரு முக்கியமான இடத்தைத் தொட்டார்: இத்தனை தடவை பயந்தும் ஒன்றும் ஆகவில்லையே, பிறகும் ஏன் நம்பிக்கை மாறவில்லை? ஆபத்தைத் தடுக்க அவர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடுகளால்தான். 'உடனே உட்கார்ந்தேன், அதான் விழல' என்று ஒவ்வொரு முறையும் கணக்கு எழுதப்படுகிறது.

தையல் வேலை செய்யும் ஓர் அக்காவைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பஸ்ஸில் ஒருமுறை வந்த படபடப்புக்குப் பிறகு தனியாக எங்கும் போவதில்லை. பர்ஸில் அரை மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் கணவர். அந்த மனிதர் மனைவிக்காக வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டவர். அந்த அன்பைப் பார்த்துக்கொண்டே, 'அண்ணே, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க' என்று சொல்வது எளிதில்லை.

முதலில் விளக்கம். 'வெங்காயம் உரிச்சா கண்ணுல தண்ணி வருதுல்ல, அதுக்குன்னு நீங்க அழுறீங்கன்னு அர்த்தமா? நெஞ்சு அடிக்கிறதும் அப்படித்தான்' என்றேன். சிரித்தார். சிரித்தால் நோய் போகாது என்பது எனக்குத் தெரியும். மேஜை இழுப்பறையிலிருந்து ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ரா ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிட வேண்டும்.

'என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?'

'மயங்கி விழுந்துருவேன் மேடம்.'

'நூத்துக்கு எவ்வளவு?'

'தொண்ணூறு.'

அதை அவர் கையாலேயே எழுதச் சொன்னேன். நாற்பது விநாடியில் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, இடது கை பாட்டிலைத் தேடியது. பாட்டில் கதவுக்கு வெளியே கணவரிடம் இருந்தது. ஒரு நிமிடம் முடிந்து ஸ்ட்ராவை எடுத்ததும், 'அதேதான் மேடம், பஸ்ல வந்த அதே மாதிரிதான்' என்றார். குரலில் பயத்தைவிட ஆச்சரியம் கூட இருந்தது. திரும்பச் செய்தோம். பிறகு நின்றபடி, பிறகு வேகவேகமாக மூச்சிழுத்து. வேகமாக மூச்சுவிட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் தலை சுற்றுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. மயக்கம் வர ரத்த அழுத்தம் இறங்க வேண்டும். பீதியிலோ பெரும்பாலும் அது ஏறத்தான் செய்கிறது. (ரத்தத்தையும் ஊசியையும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கு உண்மையிலேயே இறங்கும், வைத்தியமும் வேறு.) இதையெல்லாம் வாயால் சொன்னால் தலையாட்டுவார்கள். அவர்களே நின்று, விழாமல் இருந்து பார்க்கும்போதுதான் தொண்ணூறு இறங்கும். பர்ஸில் இருக்கும் மாத்திரையை நான் தொடுவதில்லை. அதைக் குறைப்பது மனநல மருத்துவரின் பொறுப்பு, திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

இந்தச் சிகிச்சையில் நோயாளியின் பயத்துக்கு இணையாக நிற்பது சிகிச்சை தருகிறவரின் பயம். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் நல்ல மனசுக்காரர்கள். நோயாளி கண்ணில் நீர் கட்டியதும் பாதியிலேயே 'போதும்மா, விட்டுருங்க' என்பார்கள். நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகும் பாடம், 'மேடமே பயந்துட்டாங்க' என்பதுதான். உளவியலாளர் பிரெட் டீக்கனும் உடனிருந்தவர்களும் 2013-ல் இதையே ஆராய்ந்தார்கள்: பயத்தை நேருக்கு நேர் சந்திக்க வைப்பது தீங்கானது என்று உள்ளூர நம்பும் சிகிச்சையாளர்கள் அதைப் பட்டும்படாமலும் செய்கிறார்கள். அதனால் பயிற்சிப் பிள்ளைகள் முதலில் அவர்களே மூக்கைப் பொத்தி ஸ்ட்ராவில் மூச்சுவிட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

நம் ஊரில் பதற்றம் என்றாலே முதல் அறிவுரை, 'ஆழமா மூச்சு இழுத்து விடுங்க, உடம்பைத் தளர்த்துங்க'. பீதி நோய்க்கான பேச்சு சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எது பலன் தருகிறது என்று பார்த்த பெரிய தொகுப்பாய்வு 2018-ல் வந்தது. 72 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கும் பயிற்சியும், நேரில் உட்கார்ந்து தரும் சிகிச்சையும் முன்னே நின்றன. தசைகளைத் தளர்த்தும் பயிற்சி பின்தங்கியது. தூக்கம் வராதவருக்கு நானே தளர்வுப் பயிற்சி சொல்லித் தருவதுண்டு. பீதிக்கு மட்டும் அது இன்னொரு தண்ணீர் பாட்டிலாக மாறிவிடக் கூடாது என்பதில் கறாராக இருக்கிறேன்.

பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்தில் புதிய கற்றல் ஒன்று உட்காருகிறது என்பது பதற்ற ஆராய்ச்சியாளர் மிஷெல் கிராஸ்கின் வாதம். என் அனுபவமும் அதுதான். அறையில் தைரியமாகிவிட்ட அந்த அக்காவுக்கு டவுன் பஸ்ஸில் மறுபடி படபடத்தது. ஆகவே கூட்டமில்லாத பஸ், கூட்டமான பஸ், உச்சி வெயில், மேம்பாலம், பாட்டில் இல்லாமல், கணவர் இல்லாமல் என்று இடத்தை மாற்றிக்கொண்டே போனோம். கணவருக்கும் வேலை கொடுத்தேன்: போன் வந்தால் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்லக் கூடாது, 'சரி, அடுத்த ஸ்டாப் வரைக்கும் போ' என்று மட்டும் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவர்தான் அதிகம் தவித்தார். அக்கா இப்போது துணி எடுக்கத் தனியாகப் போகிறார். படபடப்பு எப்போதாவது வருகிறது, வந்தாலும் பஸ்ஸைவிட்டு இறங்குவதில்லை.

என்னை விடாமல் அரிப்பது வேறொன்று. ஆய்வுகளில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு அமர்வுகள் வரை போகிறது. தினக்கூலிக்குப் போகிறவர் ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு நாள் சம்பளத்தை இழக்கிறார். நாலு தடவை வந்தாலே பெரிது. 2015-16-ல் 12 மாநிலங்களில் பெங்களூரின் மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பதற்றமும் மனச்சோர்வும் உள்ளிட்ட பொதுவான மனநலக் கோளாறுகள் உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேலானோருக்குச் சிகிச்சையே கிடைத்திருக்கவில்லை. கோவாவில் சங்காத் என்ற மனநலத் தொண்டு அமைப்பு மனச்சோர்வுக்கான சிகிச்சையைச் சுருக்கி, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களை வைத்தே ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொடுத்து, பலன் உண்டு என்று 2017-ல் காட்டியது. பீதிக்கும் நம் மாவட்டங்களில் அப்படியொரு சோதனை நடக்க வேண்டும். நாலே அமர்வு என்றால் எதை வைப்பது, எதை விடுவது, ஒரு செவிலியர் இதைப் பாதுகாப்பாகச் செய்ய எவ்வளவு பயிற்சி போதும் என்பதுதான் கேள்வி. அதற்கான திட்ட வரைவைத்தான் இப்போது மாலை நேரங்களில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.