முதல் வரிசையில் அம்மா

தப்பு என் பையன் மீதுதான். கூட வருவதாக இருந்த இரண்டு நண்பர்களும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். 199 ரூபாய் டிக்கெட் இரண்டு வீணாகிறதே என்ற வயிற்றெரிச்சலில், “பாட்டி, ஸ்டாண்டப் காமெடி பார்க்க வர்றியா?” என்று போகிற போக்கில் கேட்டுவிட்டான். வரமாட்டாள் என்ற தைரியம்தான். அம்மா டிவியை அணைத்துவிட்டுப் புடவை மாற்ற எழுந்துவிட்டாள். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கேட்டாள்.

“ஸ்டாண்டப்னா, நாமளும் நின்னுக்கிட்டேதான் சிரிக்கணுமா? முட்டி வலிக்குமே.”

இன்னொரு டிக்கெட்டில் காவலுக்கு நான் போனேன். யாருக்குக் காவல் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். 72 வயது. வில்லிவாக்கம். அப்பா ஐ.சி.எஃப்-இல் ரயில் பெட்டி செய்துகொண்டிருந்த காலத்திலிருந்து சினிமாச் செய்தியில் அம்மாவை அடித்துக்கொள்ள எங்கள் தெருவில் ஆளில்லை. ‘உயரமான நடிகர் ஒருவர் மூன்றெழுத்து நடிகையுடன் மலைப் பிரதேசத்தில்...’ என்று பத்திரிகையில் கிசுகிசு வந்தால், காபி ஆறுவதற்குள் இரண்டு பேருடைய பெயரையும், எந்த மலை என்பதையும் சொல்லிவிடுவாள். இப்போது எல்லாம் போனில். ‘கதறி அழுத நடிகை! நடந்தது என்ன?’ என்று யூடியூபில் பார்த்துப் பதறிப்போய்த் திறப்பாள். பத்து நிமிடம் விளம்பரமும் முன்னுரையும் தாண்டிப் போனால், அந்த நடிகை சமையல் நிகழ்ச்சியில் வெங்காயம் நறுக்கியிருப்பார்.

“அந்தக் காலத்துக் கிசுகிசுவுல ஒரு தர்மம் இருந்துச்சு. பேரைச் சொல்ல மாட்டான், விஷயத்தைச் சொல்லுவான். இவனுங்க பேரைக் கொட்டை எழுத்துல போடறானுங்க, உள்ள விஷயமே இல்ல” என்பது அம்மாவின் தீராத கோபம். எனக்கும் அதில் முழு உடன்பாடுதான்.

நகைச்சுவையிலும் அம்மா கற்றுக்குட்டி இல்லை. கிரேஸி மோகன் எழுதிய ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகத்தை 1976-இல் வந்த புதிதிலேயே பார்த்ததாகச் சொல்வாள். எந்த சபாவில் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் மாறும். அவர் படங்களில் கதாநாயகிக்கு ஏன் ஜானகி என்று பெயர் வைத்தார், பள்ளிக்கூடத்தில் அவரை மேடையேற்றிய டீச்சரின் பெயர் அது, என்பதைக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த பையனிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். 2019 ஜூன் 10-ஆம் தேதி அவர் இறந்த அன்று எங்கள் வீட்டில் டிவி அணையவே இல்லை. பழைய காட்சிகளைப் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். ‘கலக்கப்போவது யாரு’வில் சிவகார்த்திகேயன் ஜெயித்தபோதே “இந்தப் பையன் எங்கேயோ போகப்போறான்” என்று தான் சொன்னதாக இப்போது சொல்கிறாள். அப்போது சொன்னதாக எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இந்தத் தகுதிகளோடு அம்மா ஆழ்வார்பேட்டையில் ஒரு காபிக்கடையின் மாடிக்கு ஏறினாள்.

மாடியில் ஒரு ஹால். ஐம்பது நாற்காலி, சுவரில் கறுப்புத் துணி, ஒரு மைக், ஒரு ஸ்டூல், அதன் மேல் தண்ணீர் பாட்டில். அம்மா சுற்றிலும் பார்த்தாள்.

“செட்டு எங்கடா?”

“செட்டெல்லாம் கிடையாது பாட்டி. ஒருத்தர் வந்து பேசுவாரு.”

“ஒத்த ஆளா? அப்போ பட்டிமன்றம்னு சொல்லு. நடுவர் யாரு?”

நாங்கள் போனபோது பின் வரிசைகள் முழுக்க நிரம்பியிருந்தன. முன் வரிசை காலி. சபாவில் முன் வரிசைக்கு அடிதடி நடக்கும்; இங்கே பின் வரிசைக்குத்தான் ஆட்கள் அரைமணி முன்னதாக வருகிறார்கள். காரணம், முதல் வரிசையில் இருப்பவரிடம்தான் மேடையில் நிற்பவர் பேச்சுக் கொடுப்பார். ‘என்ன வேலை, கல்யாணம் ஆச்சா, பக்கத்துல யாரு’ என்று ஆரம்பித்து மானத்தை வாங்குவார். கிரவுட் ஒர்க் என்று பெயர். பையன் இதைக் காதோடு விளக்குவதற்குள் அம்மா நேராகப் போய் மைக்குக்கு மூன்றடி தூரத்தில், நட்டநடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“இங்கதான் காது நல்லாக் கேக்கும்.”

அது ஓப்பன் மைக். அதாவது பெயர் பெற்றவர்கள் வந்து ஒன்றரை மணி நேரம் கலக்குகிற நிகழ்ச்சி இல்லை. எட்டுப் பத்துப் பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். புதிதாக எழுதிய ஜோக்குகளைச் சொல்லிப் பார்ப்பார்கள். சிலது வெடிக்கும், பெரும்பாலும் நமுத்துப்போகும். நாலு நிமிடம் ஆனதும் கடைசி வரிசைக்குப் பின்னால் நிற்கும் பையன் போன் டார்ச்சை அடித்துக் காட்டுவான். முடித்துக்கொள் என்று அர்த்தம்.

யார் யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். முதல் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது அப்படித் திரும்பினாள். சரியாக டார்ச் அடித்தது.

“தம்பி, கண்ணு கூசுது. அணைச்சிடுப்பா.”

அவனும் நல்ல வளர்ப்பு போல. அணைத்துவிட்டான். மேடையில் இருந்தவருக்கு நேரம் தெரியவில்லை. கைவசம் இருந்த ஐந்து நிமிடச் சரக்கு தீர்ந்து, அடுத்து தன் பழைய காதலைப் பற்றிச் சொல்லி, அதுவும் தீர்ந்து, ஒன்பதாவது நிமிடத்தில் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அழுதுவிடுவார் என்று பயந்தேன். அம்மாவுக்கு அவரைத்தான் ரொம்பப் பிடித்திருந்தது. “மனசுல இருக்கறதை அப்படியே சொன்னான் பாவம்.”

அடுத்தது தட்டை. வெளியே கிளம்பினால் அம்மாவின் கைப்பையில் ஒரு டப்பா தட்டை இருக்கும். ஜோக் சொல்கிறவர்கள் சிரிப்பு வெடிக்க வேண்டிய ‘பஞ்ச்’ வரிக்கு முன்னால் ஒரு நொடி நிறுத்துவார்கள். ஹாலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டாவதாக வந்த பெண் அப்படி நிறுத்தினார். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி.

கடக்.

ஐம்பது பேரும் சிரித்தார்கள், ஜோக்குக்கு இல்லை. நான் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டேன். பையன் எப்போதோ எழுந்து பின்னால் போய்விட்டிருந்தான்.

மூன்றாவதாக வந்தவன் ஒல்லியான பையன். கையில் நாற்பது பக்க நோட்டு. வந்ததுமே அம்மாவைப் பார்த்துவிட்டான்.

“வணக்கம்மா. எங்கேருந்து வர்றீங்க?”

“வில்லிவாக்கம்.”

“ஸ்டாண்டப்புக்கு வர்றது முதல் தடவையாம்மா?”

“ஆமா. நீ?”

ஹால் சிரித்தது. அவனும் சிரித்தான். “நான் இது மூணாவது தடவைம்மா.”

“தெரியுது.”

அன்று இரவு அந்த ஹாலில் விழுந்த பெரிய சிரிப்பு அதுதான். அம்மாவுக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. திரும்பிப் பார்த்து அவளும் சிரித்துவைத்தாள். அந்தப் பையன் சமாளித்துக்கொண்டு தன் ஜோக்கை ஆரம்பித்தான். ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் கதை சொல்லிச் சொல்லியே பாலையாவை நடுங்க வைப்பாரே, அதிலிருந்து தொடங்கினான்.

“பாலசந்தர் படத்துல நாகேஷ் சார்...”

“ஸ்ரீதர்.”

“என்னம்மா?”

“ஸ்ரீதர் படம்ப்பா. 1964. பாலசந்தர் இல்ல.”

அவன் மேடையிலேயே நோட்டைப் பிரித்து அடித்துத் திருத்தி எழுதினான். அதற்கும் கைதட்டல். அப்புறம் ஜோக்கைச் சொன்னான். “எங்கப்பா ராத்திரி ஒரு மணிக்கு வெள்ளை வேட்டியில வந்து, வைஃபையை அணைச்சியான்னு கேப்பாரு. பேய் மாதிரியே இருக்கும்.” ஒருவரும் சிரிக்கவில்லை. பாவமாக இருந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் அம்மா அவனைக் கூப்பிட்டு நாலு தட்டை கொடுத்தாள். “சாப்பிட்டியா? எலும்பா இருக்க.”

இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று நான் முடிவுசெய்திருந்தேன். இரண்டு வாரம் கழித்து அம்மாவே கேட்டாள். “அந்தக் காபிக்கடைக்குப் போகலாமா?”

இந்த முறை என் கணவரும் வந்தார். போனில் காமெடி வீடியோ பார்க்கும்போது மூக்கு வழியாக ஒரு காற்று விடுவார், அவ்வளவுதான் அவர் சிரிப்பு. அதே மனிதர் அங்கே முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். சுற்றி ஐம்பது பேர் சிரிக்கும்போது தனியாக உட்கார்ந்து ‘நல்லா இருக்கு’ என்று தலையாட்ட முடியாது போல. கல்யாணமாகி இருபது வருடத்தில் அவருடைய கடைவாய்ப் பல்லில் வெள்ளி அடைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதே ஒல்லிப் பையன் வந்தான். அதே வைஃபை ஜோக். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “போன தடவை சொன்னதையே சொல்றான்! காசு வாங்கல?”

என் பையன் மெல்லிய குரலில் விளக்கினான். இப்படித்தான் இங்கே ஒரே ஜோக்கை நாற்பது ஐம்பது தடவை சொல்லி, தட்டி, செதுக்குவார்கள். அப்படித் தேறியவைதான் ஒரு மணி நேர நிகழ்ச்சியில் சேரும். அது கேமராவில் பதிவாகி யூடியூபுக்கோ ஓடிடிக்கோ போய்விட்டால் அந்த ஜோக்கின் கதை முடிந்தது. ஊருக்கே தெரிந்த பிறகு மேடையில் சொல்ல முடியாது, புதிதாக எழுத வேண்டும்.

“மாவு புளிக்கணும்ங்கற. அதைச் சொல்லு.” அம்மாவின் கோபம் போய்விட்டது.

மேடையில் அவன் இப்படிச் சொன்னான்: “ராத்திரி ஒரு மணி. கதவுகிட்ட ஒரு உருவம். வெள்ளை வேட்டி. மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குது. மெதுவாக் கேக்குது... ‘வைஃபை?’”

ஹால் அதிர்ந்தது. அம்மா என் தொடையில் அடித்தாள். “பார்த்தியா? போன தடவை அப்பாவை முதல்லயே சொல்லிட்டான். இன்னிக்கு அப்பாங்கற வார்த்தையே இல்ல. கடைசிச் சொல்லு வைஃபை. அதான் சிரிப்பு வருது.”

எனக்கே அப்போதுதான் உறைத்தது. நம் பேச்சில் ‘கேப்பாரு’, ‘வருவாரு’ என்று வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சிரிக்க வேண்டிய சொல் அதற்கு முன்னாலேயே வந்து போய்விடும். சிரிக்கப் போகிறவன் வாக்கியம் முடியட்டும் என்று காத்திருந்து ஆறிப்போவான். தமிழில் ஜோக் எழுதுகிறவர்கள் அந்த வினையை எங்கேயாவது நைசாகக் கழற்றிவிட்டாக வேண்டும். அந்தப் பையன் இரண்டு வாரத்தில் அதைக் கழற்றியிருந்தான். அம்மா இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

அதன் பிறகு வீட்டில் அம்மாவின் தினசரிப் பாடத்திட்டம் மாறியது. 2019-இல் வந்த அலெக்சாண்டர் பாபுவின் ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’டை அமேசான் பிரைமில் இரண்டு தடவை பார்த்தாள், ஆர்மோனியத்தோடு பாடவும் செய்ததால் அவருக்குத் தனி மதிப்பெண். 2020-இன் ‘காமிக்ஸ்தான் செம காமெடி பா’வை ஒரே வாரத்தில் முடித்து, அபிஷேக் குமார் ஜெயித்தது சரிதான் என்று தீர்ப்பு சொன்னாள். சித்தியிடம் போனில் “நேத்து ரேஷன் கடையில ஒரே கிரவுட் ஒர்க்” என்று பேச ஆரம்பித்தாள்.

ஒரு மாதம் போயிருக்கும். திருச்சியிலிருந்து அத்தை ஒரு வீடியோ அனுப்பினார். ‘இது உங்க அம்மா மாதிரி இருக்கே?’

தான் பேசுவதைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக அந்தப் பையன் ஓரமாகப் போனை நிறுத்திப் பதிவுசெய்திருக்கிறான். அதில் கொஞ்சத்தை வெட்டி இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறான். கனகாம்பரம் வைத்த ஒரு பின்னந்தலை, அப்புறம் “தெரியுது” என்ற குரல். அதை ஏதோ ஒரு யூடியூப் சேனல் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, ‘காமெடியனைக் கதறவிட்ட வில்லிவாக்கம் பாட்டி! நடந்தது என்ன?’ என்று தலைப்பு கொடுத்திருந்தது.

கேட்காமல் எப்படிப் போடலாம் என்று எனக்குக் கோபம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் பார்த்தாள்.

“யாருடி கதறினா? அவன் சிரிச்சிட்டுதானே இருந்தான்?” என்றாள் முதலில். இரண்டாவது தடவை பார்த்துவிட்டு, “ஆனா பேரைப் போடல பாரு. ஊரை மட்டும் போட்டிருக்கான். அதுதான் மரியாதை” என்றாள். மாலையில் எதிர்வீட்டு அக்காவிடம், “வில்லிவாக்கத்துல நாலெழுத்துப் பாட்டி ஒருத்தி. யாருன்னு சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை அந்தப் பையனுக்கு முதன்முறையாக அரைமணி நேரம் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் பெரிய ஹால். அவனே என் பையனுக்குச் செய்தி அனுப்பி, பாட்டி அவசியம் வர வேண்டும் என்று கூப்பிட்டான். இந்த முறை நான் உஷாராக அரைமணி முன்னதாகவே போய்க் கடைசி வரிசையில் இடம் பிடித்தேன். கைப்பையையும் வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அம்மா சமர்த்தாக இருந்தாள். டார்ச் அடித்தபோதுகூட ஒன்றும் சொல்லவில்லை.

அவன் வைஃபையைச் சொன்னான், கைதட்டல். நாகேஷைச் சொன்னான், ஸ்ரீதர் என்று சரியாகச் சொன்னான். அம்மா இருட்டில் தலையை ஆட்டினாள். அப்புறம் மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

“என் மூணாவது ஷோ. முதல் வரிசையில வில்லிவாக்கத்துலேருந்து ஒரு அம்மா. ஹாலே அமைதியா இருக்கு. அப்போ அவங்க பையிலேருந்து ஒரு முறுக்கை எடுத்து...”

நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். பயனில்லை.

“முறுக்கு இல்லப்பா. தட்டை.”

மொத்த ஹாலும் திரும்பியது. அவன் கண்ணுக்கு மேல் கையை வைத்து இருட்டுக்குள் பார்த்தான். பிறகு பின்பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தான்.