சாட்ஸ்வொர்த் டெனர்: சில நாட்கள்

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் இந்தியர் பகுதியான எங்கள் சாட்ஸ்வொர்த்தில் காவடிக் கூட்டம். அதில் நாதஸ்வரக்காரரை விட்டு நகரவில்லை. "சாமியைப் பாருடா, அவர் வாயையே பாக்குறியே" என்று ஆயா திட்டினாள். வாயையும் விரலையும்தான் பார்க்க வேண்டியிருந்தது. நாதஸ்வரத்தில் துளைகள் திறந்தே இருக்கும். விரல் கொஞ்சம் நகர்ந்தாலும் சுரம் வழுக்கும். நான் வாசிக்கும் டெனர் சாக்ஸபோனில் துளைக்கு மேல் மூடி, மூடியை இயக்க ஒரு விசை. பாதி அமுக்கினால் பெரும்பாலும் சத்தம்தான் உடையும். அதனால் அந்த வழுக்கலை, கமகத்தை, தாடையாலும் தொண்டையாலும் பிடிக்க வேண்டும்.

கத்ரி கோபால்நாத் ஆல்டோ சாக்ஸில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்தவர். அப்பாவின் காரில் அவரைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அவர் மாதிரி வாசிக்க எனக்கு ஆசை இல்லை. அந்த வழுக்கல் மட்டும் போதும், அதுவும் ஜாஸின் சுர அடுக்குகளுக்கு (chords) மேலே.

பிப்ரவரி 15, சனி

கல்யாண வரவேற்பு. மூன்று மணி நேரம் சினிமாப் பாட்டு. காசு அன்றைக்கே கையில். சாக்ஸ் ஊதுவாயில் மாட்டும் ரீடு ஒரு பெட்டி வாங்கலாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

புதுப் பாட்டுக்கு ஒத்திகை. மிஸ்ர சாபு தாளம், சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை: தகிட தகதிமி. டிரம்ஸ் வாசிப்பவன் பக்கத்துக் கறுப்பர் பகுதியான உம்லாசியின் பையன். நான் கைத்தாளம் போட்டுக் காட்டினேன். அவன் எண்ணவே இல்லை. பேஸ் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இரண்டு சுற்றைச் சேர்த்துப் பதினாலாக்கி, அதன் குறுக்கே தன் அடியைப் போட்டான். ஏழு ஏழாகவே இருந்தது, ஆனால் நடக்க ஆரம்பித்தது. நான் எழுதி வைத்ததில் பாதியை அடித்துவிட்டேன்.

தம்புராவைப் பின்னால் ஓடவிட்டு 'இந்திய ஜாஸ்' என்று விற்பதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. டர்பனில் இருந்துகொண்டு உம்லாசியைக் கேட்காமல் என்ன ஜாஸ்?

மார்ச் 5, புதன்

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்து ஜாஸ் மையத்தில் மாலைக் கச்சேரி கேட்டேன். ஜாஸ் பியானோக்காரர் டேரியஸ் புரூபெக் 1983-இல் இங்கே வந்து ஜாஸ் படிப்பைத் தொடங்கினார். வெள்ளையர், கறுப்பர், இந்தியர் என்று குடியிருப்பையே பிரித்து வைத்திருந்த காலம் அது. உம்லாஸ் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் உம்லாசி. அந்த உம்லாசியின் டெனர்காரர் லிண்டா சிக்காகானேவும் இங்கே படித்தவர்தான். முதல் ஆல்பம் 2017-இல் வந்தது. என் ஆல்பம் இன்னும் மடிக்கணினியில் கிடக்கிறது.

போன மாதம் வாசித்த ஓர் இடத்தில் இன்னும் பணம் தரவில்லை. பேர் வேண்டாம். "ஆளுங்களுக்கு உன்னைத் தெரிய வந்துச்சே" என்கிறார்கள். பெட்ரோல் பங்கில் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

ஸ்டூடியோவுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் பாட்டைச் சாம்ரோவில், அதாவது இங்குள்ள இசை உரிமைச் சங்கத்தில், பதிய வேண்டும். ரேடியோவிலோ மேடையிலோ அதை வாசித்தால் இசையமைப்பாளருக்குச் சேர வேண்டிய பணம் அதன் வழியாகத்தான் வரும். யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுத வேண்டிய இடத்தில் நின்றுவிட்டேன். மெட்டு என்னுடையது. ஆனால் அந்தப் பதினாலு இல்லாமல் அது இந்தப் பாட்டே இல்லை. 'தாளக்காரனுக்குப் பங்கு கிடையாது' என்ற பழைய வழக்கம் எனக்கு ஒத்து வரவில்லை.

அவனிடம் கால் பங்கு என்றேன். சிரித்தான். "சரி, போடு. ஆனா வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிஞ்சதும் டிரம்ஸை உன் காரில்தான் ஏத்தணும்."