பாதி டேங்க் டீசலும் ஏற்றத்தில் நிற்கும் எஞ்சினும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச்சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தாலும், டீசல் டேங்கின் குறை அங்கே வெளிப்படுவதில்லை. பேருந்து ஏறும் அளவுக்குச் சரிவு மட்டுப்பட்ட சாலை அது. காபித் தோட்டங்களுக்குள் பிரியும் மண் தடங்களில்தான் வண்டிக்கு உண்மையான சோதனை. பழம் பறிக்கும் காலத்தில் மூட்டைகளுடன் ஓடைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் ஃபோர் வீல் டிரைவ் வண்டி, பாதி ஏற்றத்தில் திணறி அப்படியே நின்றுவிடும். காஜ் முள்ளோ டேங்கில் பாதி டீசல் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

தோட்ட வண்டிகளின் பராமரிப்பை நாங்கள் கவனித்த காலத்தில், இந்தக் கோளாறுக்கு எல்லோரும் செய்து பார்த்த முதல் வைத்தியம் ஃபில்டரை மாற்றுவது; அது பலிக்காவிட்டால், டீசலை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் இன்ஜெக்ஷன் பம்பைக் கழற்றிச் சேலத்துக்கு அனுப்புவது. பம்ப் குறையொன்றுமில்லை என்ற சொல்லோடு திரும்பி வரும். சோதனை மேசையில் டீசல் தடையின்றிக் கிடைக்கும்போது அது ஏன் குறை காட்டப்போகிறது? “ஏர் எடுக்குதுங்க சார்” என்று, டீசலோடு காற்றும் உள்ளே போவதை ஓட்டுநர் சொன்னதுதான் சரியான கணிப்பு. எங்கிருந்து எடுக்கிறது என்பதை அறிய, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழ நீளத்துக்கு உள்ளே தெரியும் ஓஸை மாட்டி, அதே ஏற்றத்தில் கட்டை போட்டு வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டோம். சமதரையில் நிறைந்து தெளிவாகத் தெரிந்த டீசலில் முதலில் கடுகளவு குமிழிகள் வந்தன. பிறகு விரற்கடை நீளத்துக்குக் காற்று இடைவெளிகள் டீசலைத் துண்டு துண்டாக்கியபடி நகர்ந்தன. சற்று நேரத்தில் எஞ்சின் நின்றது.

காரணம் வெறும் கணக்கு. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ் ஓரமாக நீளவாக்கில் கிடக்கும் டேங்கின் நீளம் 90 செ.மீ., உயரம் 30 செ.மீ. என்று கொள்வோம். 20 டிகிரி ஏற்றத்தில் அதன் இரு முனைகளுக்கும் இடையே டீசல் மட்டம் ஏறக்குறைய 33 செ.மீ. வேறுபடும். ஆகவே பாதி நிறைந்த டேங்கிலும் முன்முனையின் அடித்தளம் வறண்டு போகும். சக்‌ஷன் பைப் அந்த முனையில் இருந்தால் அது காற்றைத்தான் உறிஞ்சும். பைப்பைப் பின்முனைக்கு மாற்றினால் இறக்கத்தில் இதே தொல்லை. டேங்குக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கலாம் என்பார்கள். டீசல் அலம்புவதை அவை தணிக்குமே தவிர, நீண்ட ஏற்றத்தில் மட்டம் சாய்வதைத் தடுக்கா. டேங்கின் அடியில் குழி போல ஒரு கிண்ணத்தைப் பற்றவைப்பது நல்ல யோசனைதான், ஆனால் இந்தத் தடங்களின் பாறைகள் முதலில் இடிப்பது அதையே.

ஆகவே டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில், 3 லிட்டர் கொள்ளும் நெட்டுக்குத்தான சிறு தொட்டி ஒன்றை வைத்தோம். தாழ்ந்த அழுத்தமுள்ள மின்சாரப் பம்ப் ஒன்று டேங்கிலிருந்து அதை நிரப்பும்; மிஞ்சிய டீசலும் உடன் வரும் காற்றும் தொட்டியின் உச்சியிலுள்ள குழாய் வழியாக டேங்குக்கே திரும்பும்; எஞ்சின் தொட்டியின் அடியிலிருந்து எடுத்துக்கொள்ளும். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ரிட்டர்ன் லைன். இன்ஜெக்ஷன் பம்பிலிருந்தும், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களிலிருந்தும் திரும்பும் டீசலைப் பழையபடி டேங்கில் விட்டால், எஞ்சின் எரிக்கும் அளவோடு சுற்றி வரும் அளவும் சேர்ந்து சிறு தொட்டியை விரைவில் காலியாக்கும். அதையே தொட்டியில் விட்டால் குறைவது எரிந்த அளவு மட்டுமே; மணிக்கு 10 லிட்டர் எரிக்கும் ஏற்றத்திலும் 3 லிட்டர் 18 நிமிடம் தாங்கும். திரும்பும் டீசலின் சூட்டை, மின்சாரப் பம்ப் இடைவிடாமல் கொண்டுவரும் குளிர்ந்த டீசல் தணித்துவிடுகிறது.

தொட்டியைத் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்யக்கூடாது; துத்தநாகம் டீசலோடு வினைபுரிந்து சோப்புப் போன்ற படிவுகளை உண்டாக்கி ஃபில்டரை அடைக்கும். பழைய டேங்கில் துளையிட்டுப் பற்றவைக்க வேண்டியிருந்தால், டீசல் தீர்ந்த டேங்கை ஆபத்தற்றதாக எண்ணுவதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை. உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கும். நீராவியால் கழுவி, பற்றவைக்கும் இடம்வரை நீர் நிரப்பி, மூடியைத் திறந்து வைத்த பிறகே நெருப்பு அருகில் வரவேண்டும். பதிவான வண்டியின் அமைப்பை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மலைக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. மூடுபனி இரவில் பாதி காலியான டேங்கின் உட்சுவரில் ஈரம் வேர்த்து அடியில் நீராகச் சேரும்; எனவே சக்‌ஷன் பைப்பின் வாய் அடித்தளத்தைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் மேலே நிற்கவேண்டும், அடியில் வடிகால் போல்ட் ஒன்றும் வேண்டும். டேங்குக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயில் குளவி மண்கூடு கட்டிவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகும். மூடியைத் திறந்தவுடன் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்பட்டால் முதலில் பார்க்கவேண்டியது அதைத்தான். குழாயின் வாய்க்கு நுண்ணிய கம்பி வலை கட்டிவிட்டோம்.

கால் டேங்குக்குக் கீழே இருந்தால் தோட்டத்துக்குள் இறங்கக்கூடாது என்ற விதியை இத்தனைக்குப் பிறகும் நாங்கள் தளர்த்தவில்லை. மிதவைக் காஜ் சாய்வில் சரியாகக் காட்டாது என்பதால், தடம் பிரியும் இடத்துச் சமதரையில் வண்டியை நிறுத்தி முள்ளைப் பார்த்த பிறகே ஓட்டுநர்கள் உள்ளே திருப்புகிறார்கள்.