சிவப்பணு வேஷம் கட்டிய மருந்து: ஊட்டி ஆய்வகத்தில் சறுக்கும் இடங்கள்

ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் டானோரூபிசினும் டாக்சோரூபிசினும் இதயத்தையும் பதம் பார்க்கும். நானோ துகளில் அடைத்து அனுப்பினாலோ, கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்து விழுங்கிவிடும். அதனால்தான் துகளுக்குச் சிவப்பணுவின் தோலை, அதாவது அதன் வெளிச்சவ்வை, போர்த்துகிறார்கள். 2011-ல் சான் டியேகோவில் லியாங்ஃபாங் ஜாங் குழு செய்துகாட்டியபோது, எலிகளின் ரத்தத்தில் அதன் அரை ஆயுள் (பாதி அளவாகக் குறைய ஆகும் நேரம்) 39.6 மணி. பெக் என்ற பாலிமர் பூசிய துகளுக்கு 15.8 மணிதான். தோலிலுள்ள சிடி47 புரதம் 'என்னைத் தின்னாதே' என்று சொல்லிக்கொண்டே போகும்.

இந்தத் தோலுக்காக நீலகிரியில் ரத்தம் எடுத்தால் அரிவாளணுச் சோதனை (சிவப்பணுவை அரிவாள்போல் வளைக்கும் மரபுக் கோளாறு உண்டா என்பது) செய்யாமல் தொடக்கூடாது. இந்தியாவில் அந்த மரபுக்கூறு முதலில் பதிவானதே 1952-ல், இந்த மலையில். டைதயோனைட் கரைசல் 2 மி.லி.யில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம் விட்டு, ஐந்து நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடியுங்கள். எழுத்து கலங்கி மறைந்தால் அந்த ரத்தம் வேண்டாம். அரிவாள் நோயுள்ள அணுவில், உள்பக்கம் இருக்கவேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளியே வந்திருக்கும். அது 'வந்து தின்னு' என்ற அழைப்பு. (ரத்தம் கொடுத்தவரை முறையான பரிசோதனைக்கு அனுப்ப மறக்காதீர்கள்.)

ரத்தத்தை 4 டிகிரியில், 800 ஜி (புவியீர்ப்பைப்போல் 800 மடங்கு) விசையில் 5 நிமிடம் சுழற்றி, பிளாஸ்மாவோடு வெள்ளைப் படலத்தையும் மொத்தமாக உறிஞ்சி எடுங்கள். மிஞ்சும் வெள்ளையணுக்களின் நொதிகள் தோலின் புரதங்களை அரித்துவிடலாம். மிஞ்சிய சிவப்பணுக்களைக் கால் மடங்கு அடர்த்தியுள்ள பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் கலந்த உப்புநீர்), பனிக்கட்டி மேல் 20 நிமிடம் வைத்தால் அணு ஊதி வெடிக்கும். அடியில் தங்கும் இளஞ்சிவப்பு வண்டல்தான் தோல். சோனிகேட்டரில் (ஒலியலையால் உடைக்கும் கருவி) 5 நிமிடம் வைத்து, 400, பிறகு 100 நானோமீட்டர் துளை வழியே அழுத்தவேண்டும்.

உள்துகளுக்கு, 1 மி.கி. பிஎல்ஜிஏ என்ற பாலிமரை 1 மி.லி. அசிட்டோனில் கரைத்து 3 மி.லி. நீரில் சொட்டுச் சொட்டாக விடுவது வழக்கம். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அசிட்டோன் சீக்கிரம் பறந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். 12 டிகிரி அறையில் குளிர் அதை இழுத்துப் பிடிக்கும். மிஞ்சிய அசிட்டோன் தோலின் கொழுப்பைக் கரைக்கும், அதனால் வெற்றிடத்தில் வைத்தே ஓட்டுங்கள். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பிஎல்ஜிஏ பாட்டிலை மூடுபனி நாளில் உடனே திறப்பதும் தப்பு. ஈரம் கோத்துக்கொண்டு பாலிமர் தானாகவே சிதையத் தொடங்கும்.

இரண்டையும் கலந்து மறுபடி 100 நானோமீட்டர் துளையில் அழுத்தினால் தோல் ஏறும், 7-8 நானோமீட்டர் கனத்துக்கு. இங்கேதான் கருவி ஏமாற்றும். துகளின் அளவைக் காட்டும் மானி சராசரியைத்தான் காட்டும். 2021-ல் வந்த ஓர் ஆய்வில் 90 சதவீதம் வரை துகள்கள் அரைகுறையாகவே மூடியிருந்தன. கொஞ்சத்தை முழு பிபிஎஸ்ஸில் விட்டுப் பாருங்கள். தோல் ஏறாத துகள் சில நிமிடங்களில் திரிந்து கட்டியாகும், போர்த்தியது அப்படியே இருக்கும்.

வேஷம் ஒளிந்துகொள்ள மட்டும்தான், எலும்பு மஜ்ஜைக்கு வழி தெரியாது. அதற்காகச் சிலர் மஜ்ஜையைத் தேடிப்போக உதவும் சிஎக்ஸ்சிஆர்4 புரதம் உள்ள புற்றணுவின் தோலையே போர்த்திப் பார்க்கிறார்கள். 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தப் புற்றுநோய் மருந்தான வைக்சியாஸோ, எந்த வேஷமும் இல்லாத லிப்போசோம் (கொழுப்பால் ஆன நுண் உருண்டை).