குக்கர் மூடி தெறிச்சு காயம், கடைக்காரர் மேல கேஸ் போட்ட கதை

"நாங்க வித்ததோட சரிங்க, எதுனாலும் கம்பெனியத்தான் கேக்கோணும்." ஈரோட்டுல குக்கர் வாங்குன பாத்திரக்கடையில மொதல்ல சொன்னது இதுதாங்க. என்ற அத்தைக்கு பருப்பு கொட்டி முழங்கை வரைக்கும் தோலு உரிஞ்சு ஆசுபத்திரில படுத்திருக்காங்க, அந்நேரத்துக்கு இந்தப் பேச்சைக் கேட்டா எப்படி இருக்கும்? ஆனா வக்கீல் அண்ணன் என்ன சொன்னார்னா, கடைக்காரர் சொல்றது பாதி சரிதானாம்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, பொருளால காயம்பட்டா நஷ்டஈடு கேக்கறதுக்குன்னே தனி அத்தியாயம் இருக்குது. தயாரிப்புல குறை இருந்தா, கம்பெனி நாங்க கவனமாத்தான் செஞ்சோம்னு நிரூபிச்சாலும் தப்பிக்க முடியாது. கடைக்காரருக்கு அப்படியில்லீங்க, 86-வது பிரிவுல சொன்ன காரணத்துல ஒண்ணாச்சும் பொருந்தோணும். அவரே பொருளை மாத்தி அதனால ஆபத்து வந்திருக்கோணும், இல்ல டிசைன் பாக்கிங் லேபிள்னு அவர் கை நெம்ப உள்ள போயிருக்கோணும், இல்ல கம்பெனி குடுக்காத வாரண்டிய அவரா குடுத்து அது பொய்யாயிருக்கோணும், இல்ல சரியா பாத்து மாட்டிக் குடுக்காமலோ கம்பெனி போட்ட எச்சரிக்கைய நமக்குச் சொல்லாமலோ விட்டிருக்கோணும், அதுவும் இல்லீன்னா தயாரிச்சவன் யாருன்னே தெரியாமயோ, தெரிஞ்சும் அவனுக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாமயோ இருக்கோணும்.

டப்பாவுல இருந்த விலாசத்துக்கு நோட்டீஸ் அனுப்புனோம், அப்படி யாருமில்லைன்னு திரும்பி வந்துருச்சு. வீட்ல எல்லாரும் வெசனப்பட்டாங்க, வக்கீல் அண்ணன் மட்டும் சிரிச்சுட்டு, நோட்டீஸ் சேர்க்க முடியலைங்கறதுக்கு இதுதான் சாட்சி, கவரைப் பிரிக்காம பத்திரமா வைங்கன்னுட்டார். குக்கர்ல ஐஎஸ்ஐ முத்திரை இருந்துச்சு, ஆனா கீழ இருந்த லைசென்ஸ் நம்பரை, ஐஎஸ்ஐ முத்திரை குடுக்கற பிஐஎஸ்ஸோட 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டுப் பாத்தா ஒண்ணுமே வரல. 2021 பிப்ரவரில இருந்து வீட்டு குக்கருக்கு ஐஎஸ்ஐ கட்டாயம், அது இல்லாததை கடையில வெக்கவே கூடாது.

இன்னொண்ணு, வாங்குனன்னிக்கே கேஸ்கெட் லூசா இருக்குதுன்னு கடைப்பையன் வேற ஒண்ணை எடுத்து அமுக்கி மாட்டிக் குடுத்தான். அதுக்கு 60 ரூபாய பில்லு பின்னாடி பேனாவுல எழுதி கூட்டியிருந்தாங்க. அந்தக் கிறுக்கல்தான் கேஸுக்கு உசுரு, மாட்டிக் குடுத்தது கடைதான்னு அவங்க கையெழுத்தே சொல்லுதே! குக்கரை நாங்க கழுவக்கூட இல்ல, பருப்பு காஞ்சு ஒட்டுனபடியே மூடி, வெயிட், கேஸ்கெட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து சாக்குல கட்டி வெச்சோம். பக்கத்து வீட்டக்கா பழைய இரும்புக்குப் போட்டுருன்னாங்க. போட்டிருந்தா கதை முடிஞ்சுதுங்க, ஏன்னா நீங்க தப்பா பயன்படுத்துனீங்க, அளவுக்கு மேல போட்டீங்கன்னு எதிர்த்தரப்பு சொல்றதுக்கு 87-வது பிரிவுல வழி இருக்குது. சொல்லவும் சொன்னாங்க.

பில்லு என்ற வீட்டுக்காரர் பேர்ல, காயம் அத்தைக்கு. அதுக்கு ஒண்ணுமில்ல, வாங்குனவர் சம்மதத்தோட பயன்படுத்துறவங்களும் நுகர்வோர்தான். கேஸ் போடறதுக்கு ஆணையத்துல கட்டற பீஸும் நாம கேக்கற நஷ்டஈட்டை வெச்சு இல்லீங்க, பொருளுக்குக் குடுத்த விலைய வெச்சு. 5 லட்சம் வரைக்கும் பீஸே கெடையாது, குக்கருக்கு என்னாகும்? ரெண்டு வருசத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸைப் போட்டுறோணும். ஆசுபத்திரில ஏஆர் காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்), டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்லு எல்லாம் அப்பவே கேட்டு வாங்கிக்கோங்க, பொறகு போனா அலைய விடுவாங்க.

கடைக்காரருக்கு பதில் போட 30 நாள், ஆணையம் மனசு வெச்சா இன்னும் 15, அதுக்கு மேல இல்ல. மொத்த வியாபாரிகிட்ட வாங்குனேன்னார், எங்க அந்த பில்லுன்னா முழிச்சார். அப்புறம் அவரே சமரசத்துக்கு இறங்கி வந்து, ஆசுபத்திரி செலவு பூராவும் மேல ஒரு தொகையும் தரேன்னார். எனக்கு மனசு ஒப்பல, அத்தைதான் "போதும் கண்ணு, என்னால கோர்ட்டுப்படி ஏறி எறங்க ஆகாது"ன்னுட்டாங்க.

சமரசம்னாலும் வாய்ப்பேச்சா விடாம ஆணையத்தோட உத்தரவாவே வாங்குனோம். அந்த உத்தரவை மீறுனா ஒரு மாசத்துல இருந்து மூணு வருசம் வரைக்கும் உள்ள போடலாம். ரெண்டாவது செக்கை அவர் இழுத்தடிச்சப்ப வக்கீல் அண்ணன் போன்ல இதை மட்டும் ஞாபகப்படுத்துனார், அடுத்த வாரமே செக் வந்துருச்சு.